சவ்வில் ஒரு மூலக்கூறு – கடிதம்

ஐயா, வணக்கம்.

செல் சவ்வில் ஒற்றை மூலக்கூறின் நடமாட்டத்தைப் பின்தொடர்வது பற்றி எழுதியிருந்தீர்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 200 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் தெளிவாகத் தெரியாது என்றுதான் எங்கள் வகுப்பில் சொல்கிறார்கள். அப்புறம் எப்படி? இன்னொன்று: சவ்வு ஒரு திரவம் என்கிறது பாடப்புத்தகம், மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன என்கிறீர்கள் நீங்கள். எதை நம்ப?

– முதுகலை மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த 200 நானோமீட்டர், அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்ப்பதற்கான எல்லை. ஒரே ஒரு புள்ளி என்றால் கதை வேறு. பனிமூட்டத்தில் எதிரே வரும் ஒற்றை விளக்கு பெரிய வெளிச்ச வட்டமாகத்தான் தெரியும். ஆனாலும் விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் வட்டத்தின் நடுவைக் காட்டிவிடுவோம். போதிய வெளிச்சம் கிடைத்தால் அந்த நடுவை 20 நானோமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் கணக்கிடலாம். அதனால்தான் சவ்வில் வெகு சில மூலக்கூறுகளுக்கு மட்டும் அடையாளம் (ஒளிரும் சாயமோ தங்கத் துகளோ) ஒட்டுகிறார்கள். நெருக்கமாக ஒட்டினால் எது யாருடைய தடம் என்றே தெரியாது.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. ஜப்பானில் அகிஹிரோ குசுமியின் குழு, எலியின் சிறுநீரகச் செல்களில், இரண்டு அடுக்காக இருக்கும் சவ்வின் வெளியடுக்கில் உள்ள கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் 40 நானோமீட்டர் தங்கத் துகளை ஒட்டிப் பின்தொடர்ந்தது. 2002இல் வெளிவந்த ஆய்வு. வினாடிக்கு 30 படம் எடுக்கும் வழக்கமான வீடியோவில் மூலக்கூறு தாறுமாறாக, ஆனால் மந்தமாக அலைந்தது. செயற்கைச் சவ்வில் ஓடும் வேகம் இங்கே இல்லை. ஏன் என்று பல காலம் பிடிபடவில்லை.

வினாடிக்கு 40,000 படம் எடுத்தபோது விஷயம் வெளிவந்தது. சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள ஓர் அறைக்குள் மூலக்கூறு தடையில்லாமல் ஓடுகிறது, ஏறக்குறைய செயற்கைச் சவ்வின் வேகத்திலேயே. சராசரியாக 11 மில்லிசெகண்ட் கழித்து அடுத்த அறைக்குத் தாவுகிறது. வீடியோவின் இரண்டு படங்களுக்கு நடுவே 33 மில்லிசெகண்ட் இடைவெளி. அதற்குள் மூன்று தாவல் முடிந்துவிடும், அறை இருந்த சுவடே தெரியாது!

சுவர் எது? சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலை இருக்கிறது. ஆனால் வெளியடுக்குக் கொழுப்பு அந்த வலையைத் தொடுவதே இல்லை. சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்கள் சில ஆக்டினில் கட்டப்பட்டு, வேலிக்கால்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன, அவைதான் மறிக்கின்றன என்பது குசுமி தரப்பின் விளக்கம். ஆக்டின் வலையிலிருந்து சவ்வு கழன்று கொப்புளமாக உப்பிய இடங்களில் தாவலும் இல்லை, மந்தமும் இல்லை. எனக்கு இந்தச் சான்றுதான் பலமாகப் படுகிறது.

ஆகவே சவ்வு ஒரு திரவம் என்று 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற அறிவியலாளர்கள் முன்வைத்த கருத்து பொய்யாகிவிடவில்லை. அறைக்குள் அது திரவம்தான். அறையின் அளவும் செல்லுக்குச் செல் மாறும், 30 நானோமீட்டர் வரைகூடக் குறையும்.

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. ஒட்டிய துகள் கொழுப்பு மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியது. அதுவே ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு நடையைக் கெடுக்கலாம். சாயம் ஒட்டினால் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் அது சீக்கிரம் வெளுத்துப்போகும், தடமும் சிறிதாகிவிடும். இனி ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது முடிவுரைக்கு முன்னால், என்ன ஒட்டினார்கள், வினாடிக்கு எத்தனை படம் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்.