கெட்ட வைனை வடிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறேன். தோட்டத்துத் திராட்சையில் நானே போட்ட வைன் 20 லிட்டர் புளித்துப் போய்விட்டது, நெயில் பாலிஷ் வாடை வேறு. இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்கத் தடையில்லை. காக்னாக் பிராந்தியே குடிக்க லாயக்கில்லாத வைனில் வடிப்பதுதானே என்கிறார் நண்பர். வடித்துவிடலாமா? கண் போய்விடும் என்று மனைவி பயப்படுகிறார்.

ச.

அன்புள்ள ச.,

வடிக்காதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்தான், 1996 முதல் அங்கே அனுமதி உண்டு. வைன்தான் சரியில்லை.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. காக்னாக்குக்கு யூனி பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைதான் பெரும்பாலும், அந்த வைனில் சாராயம் ஒன்பது பத்து சதவீதம்தான் இருக்கும், வாயில் வைத்தால் பல் கூசும். ஆனால் அது கெட்ட வைன் இல்லை. அந்தப் புளிப்பு பழத்திலேயே இருக்கும் டார்டாரிக் அமிலம், அது ஆவியாகாமல் கொப்பரையிலேயே தங்கிவிடும், அது இருப்பதால் கிருமியும் எளிதில் அண்டாது, அதனால்தான் வைன் கெடாமலிருக்கப் போடும் கந்தகம்கூடப் போடாமலே மார்ச் 31 வரை வைத்திருந்து வடிக்கிறார்கள். ஒரு ஜனவரியில் பிரான்ஸில் காக்னாக் ஊர்ப் பக்கம் சின்ன வடிசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். வாலை என்கிற வடிக்கும் செம்புக் கொப்பரையிலிருந்து நூலாக இறங்கிக்கொண்டிருந்ததில் இரண்டு சொட்டை வடிப்பவர் என் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகரச் சொன்னார். முதலில் மூக்கைச் சுட்டது. நெடி பறந்த பிறகு பார்த்தால், பூ வாசனை! ஏறக்குறைய ஒன்பது லிட்டர் வைன் ஒரு லிட்டராகச் சுருங்குகிறது, அதில் வாசனையும் சுருங்கி ஏறும், குறையும் ஏறும்.

உங்களுடையது காடிப் புளிப்பு, அதாவது வினிகர். காற்றுப் பட்டு பாக்டீரியா சாராயத்தைத் தின்று அசெட்டிக் அமிலமாக்கிவிட்டது, அதில் ஒரு பங்கு ஆவியோடு ஏறி வரும், வழியில் செம்பையும் அரிக்கும், குழாயில் ஈயப் பற்று இருந்தால் அதையும் கரைத்துக்கொண்டு வரும். அந்த நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிடேட். அது கொதிப்பது 77 டிகிரியில், சாராயம் 78-இல். வீட்டு அடுப்பில் இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

கண் விஷயம். கண்ணைப் பறிப்பது மெத்தனால் என்ற விஷச் சாராயம். திராட்சை வைனில் அது மிகக் கொஞ்சம், வடிப்பதால் புதிதாக உண்டாகாது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனாலையே கலந்து விற்றதால். உங்கள் வீட்டில் நான் பயப்படுவது தீயை: சாராய ஆவி கசியும் இடத்தில் அடுப்பு எரிந்தால் போதும்.

சரி, 20 லிட்டரைக் கொட்டவும் வேண்டாம். பாதி வழி வந்துவிட்டது, முழுக்கக் காடியாக்கிவிடுங்கள். பிரான்ஸில் ஓர்லியான் நகரமே இதில்தான் பேர் வாங்கியது, லுவார் ஆற்றில் படகில் வந்த வைன் வழியில் புளித்தால் அங்கேயே காடிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1867-இல் விஞ்ஞானி லூயி பாஸ்டர் அந்தக் காடிக்காரர்களுக்குக் காடி பற்றி உரையாற்றியதும் அந்த ஊரில்தான். வாயகன்ற கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு ஊற்றுங்கள், வைன் காட்டமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள், மெல்லிய துணியால் கட்டி இளஞ்சூட்டில் வையுங்கள். மேலே ஆடை மாதிரி ஒன்று படரும், அதைக் கலைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் நெயில் பாலிஷ் வாடை பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம், அந்த ஜாடியை அடுத்த வருஷ வைன் பக்கத்தில் வைக்காதீர்கள். வைன் ஜாடியைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள்.