3 வருடத்தில் உப்பு தீரும் என்று மாடல் காட்டினால்

4 போர்வெல்லில் இறைத்தால் நிலத்தடி நீரில் கலந்த சாயக்கழிவு உப்பு 3 வருடத்தில் தீரும் என்கிறது உங்கள் கணினி மாடல். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மதுரைப் பக்கம் அடியில் கடினப்பாறை. தண்ணீர் வெடிப்பு வழியே ஓடும். உப்போ சிதைந்த பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும். நிலத்தடி நீரில் உப்பு நகர்வதைக் கணக்கிடும் எம்.டி.3.டி.எம்.எஸ் (MT3DMS) மென்பொருளில் ஒற்றைப் போரோசிட்டி, அதாவது வெடிப்பையும் பாறைத் துளைகளையும் ஒன்றாகவே பாவிக்கும் அமைப்பு, வைத்திருப்பீர்கள் போல. வெடிப்பு கழுவப்பட்டதுமே சுத்தம் என்று காட்டும். அதன் ரியாக்‌ஷன் பேக்கேஜில் ஐசோதெர்ம் எண்ணை (ISOTHM) 5 ஆக்கி, இரண்டையும் தனித்தனியே கணக்கிடும் இரட்டைப் போரோசிட்டியாக ஓட்டுங்கள்.

பாறைக்கும் வெடிப்புக்கும் இடையே உப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் பரிமாற்றக் கெழுவை ஊகிக்க வேண்டாம். கொஞ்ச நாள் இறைத்த போர்வெல் ஒன்றை 3 வாரம் நிறுத்தி, தினமும் ஒரே ஆழத்தில் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், µS/cm-இல்) அளந்து எழுதுங்கள். இறைத்தபோது 1800-க்கு இறங்கியது 2600-க்கு ஏறினால், பாறையிலிருந்து உப்பு திரும்பி வருகிறது. அந்த ஏற்றத்துக்குக் கெழுவைப் பொருத்துங்கள்.

சித்திரை, வைகாசியில் செய்யுங்கள். ஐப்பசி மழையில் புதுத்தண்ணீர் கலந்து ஏற்றமே தெரியாது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடினாலும் கணக்கு கெடும், கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.