1848: ஐரோப்பா கொதித்த வருஷம் – கேள்வி பதில்

இருபது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். 1848-இல் ஐரோப்பாவில் வெடித்த புரட்சிகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், ஒரே வருஷத்தில் இத்தனை நாடுகளில் எப்படி வெடித்தது? யாராவது திட்டம் போட்டார்களா?

திட்டம் போட்டவர் யாரும் இல்லை. பசிதான் முதல் காரணம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. 1846-இல் தானியமும் பொய்த்தது. ரொட்டி விலை பல ஊர்களில் இரண்டு மடங்கானது. கூலியில் பெரும்பகுதி ரொட்டிக்கே போய்விட்டால் துணி வாங்கக் காசு ஏது? துணி விற்கவில்லை, நெசவாளிக்கு வேலை போனது.

இதோடு ஓட்டுரிமைப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த பிரான்சில் சுமார் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் ஓட்டு. அரசியல் கூட்டம் போட முடியாது என்பதால் எதிர்க்கட்சியினர் ‘விருந்து’ என்ற பெயரில் கூடினார்கள். பிப்ரவரி 22 அன்று பாரிஸில் நடக்கவிருந்த விருந்தையும் அரசு தடுத்தது. மறுநாள் இரவு வெளியுறவு அமைச்சகத்தின் முன் படைவீரர்கள் சுட்டதில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். உடல்களை வண்டியில் ஏற்றி, தீவட்டி வெளிச்சத்தில் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். விடிவதற்குள் நகரமெங்கும் நடைபாதைக் கற்களைப் பெயர்த்துத் தடுப்பரண் எழுப்பிவிட்டார்கள். 24-ஆம் தேதி மன்னர் லூயி பிலிப் முடி துறந்தார், பிரான்ஸ் குடியரசானது. சிசிலியின் பலேர்மோவில் ஜனவரியிலேயே கலகம் தொடங்கிவிட்டது என்றாலும், எல்லோருக்கும் துணிச்சல் கொடுத்தது பாரிஸ் செய்திதான். மார்ச் 13-இல் வியன்னாவில் ஆஸ்திரியப் பேரரசின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் பதவி விலகி இங்கிலாந்துக்கு ஓடினார்.

கேள்வி: பிரஷ்ய மன்னர் பிணங்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினாராமே, உண்மையா ஐயா?

உண்மைதான். பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் தலைநகர் பெர்லினில் மார்ச் 18 அன்று தெருச்சண்டை நடந்தது. மறுநாள் மக்கள் இறந்தவர்களின் உடல்களை, காயம் தெரிய, அரண்மனை முற்றத்துக்கே தூக்கி வந்தார்கள். ‘தொப்பியைக் கழற்று’ என்று கூட்டம் கத்த, மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். பக்கத்தில் ராணி. கடவுள் தந்த முடி இது என்று நம்பிய மனிதர் அவர். இந்தக் காட்சியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: அண்ணா, ஓட்டுரிமை கிடைத்த பிறகும் ஜூன் மாதம் பாரிஸில் ஏன் அவ்வளவு ரத்தம்?

அந்த வருஷத்தின் ஆறாத புண் அதுதான், தம்பி. பிப்ரவரியில் கைகோத்து நின்ற இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு கனவு. வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் கேட்டது ஓட்டு. தச்சரும் தையல்காரரும் கேட்டது வேலை. ஓட்டு கிடைத்தது, வாக்காளர் எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டியது. வேலையில்லாதவர்களுக்கு அரசே வேலை தர ‘தேசியப் பட்டறைகள்’ திறந்தார்கள். ஜூனுக்குள் லட்சம் பேருக்கு மேல் பதிந்துவிட்டார்கள், ஆனால் கொடுக்க உருப்படியான வேலை இல்லை. பெரும்பாலும் மண் வெட்டும் வேலை. செலவைச் சமாளிக்க நேரடி வரியை 45 சதவீதம் உயர்த்தினார்கள். அந்தச் சுமை கிராமத்து விவசாயி தலையில் விழுந்தது. பாரிஸ் தொழிலாளிக்கு நாம் ஏன் அழ வேண்டும் என்று அவன் வெகுண்டான்.

அப்புறம் ஜூனில், பட்டறைகளில் பதிந்திருந்த இளைஞர்கள் பட்டாளத்தில் சேர வேண்டும், மற்றவர்கள் வெளியூருக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 23 முதல் 26 வரை நான்கு நாள் சண்டை. தளபதி கவாஞாக் பீரங்கியால் அடக்கினார். சமாதானம் பேசத் தடுப்பரணுக்குப் போன பாரிஸ் பேராயர் அஃப்ரும் குண்டடி பட்டு இறந்தார். மக்களாட்சி அரசே தன் தொழிலாளிகளைச் சுட்டதை நான் மன்னிக்கத் தயாரில்லை. டிசம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், பழைய நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியனுக்கு 50 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததற்கு விதை இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் மொத்தமும் தோல்விதானே?

பெரும்பாலான இடங்களில் பழைய ஆட்சியாளர்கள் மறுபடி கை ஓங்கிவிட்டதால் பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்திரியப் பேரரசில் விவசாயி ஜமீன் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அந்தக் கட்டாய உழைப்புக்கு ‘ரோபோட்’ என்று பெயர். ஹான்ஸ் குட்லிக் என்ற 24 வயது விவசாயி மகன் வியன்னா நாடாளுமன்றத்தில் இதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். செப்டம்பர் 7-இல் சட்டமானது. பின்னால் அதே மன்றத்தைப் பேரரசர் கலைத்தார், ஆனால் ரோபோட்டைத் திரும்பக் கொண்டுவர அவருக்கும் துணிச்சல் வரவில்லை.

கேள்வி: பெண்களுக்கு ஓட்டு?

இல்லை, அம்மா. ‘அனைவருக்கும்’ என்றார்கள், ஆண்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ழான் தெரோய்ன் என்ற பெண்மணி 1849 தேர்தலில் நிற்க முயன்றார். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-இல்.

கேள்வி: நம் ஊருக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு. 1848 ஏப்ரல் 27 அன்று, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய பிரெஞ்சுக்காரர் விக்டர் ஷோல்ஷேர் முயற்சியால் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மட்டும் சுமார் 60,000 பேர் விடுதலையானார்கள். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் தமிழர்களோடு கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் கரை சேர்ந்தது. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.