‘யுஏ 16+’ படத்துக்கு 15 வயது மகனை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகன் பத்தாம் வகுப்பு, 15 வயது. மகளுக்கு 12. புதிதாக வந்திருக்கும் ஓர் அடிதடிப் படத்துக்கு 17 வயதான என் அக்கா மகனோடு போக வேண்டும் என்று இருவரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். போஸ்டரில் யுஏ 16+ என்று இருக்கிறது. வெட்டும் ரத்தமும் அதிகம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ‘கிளாஸ்ல எல்லாரும் பாத்தாச்சும்மா’ என்கிறான் மகன். விடலாமா?

பதில்: மகனை நீங்களே கூட்டிப் போகலாம், அதுவும் கொஞ்சம் விசாரித்த பிறகு. மகள் இந்த முறை வேண்டாம். அக்கா மகனோடு தனியே அனுப்புவது இருவருக்குமே வேண்டாம். (‘எல்லாரும்’ என்றால் பெரும்பாலும் மூன்று பேர். அதில் ஒருவன் ரீல்ஸில் பார்த்தவன்.)

சான்றிதழைப் பலரும் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். 1983-இல் வந்த யுஏ, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் தேவை என்று மட்டும் சொன்னது. பேய்ப் படத்துக்கும் குத்து வெட்டுப் படத்துக்கும் ஒரே முத்திரை. 2023 சட்டத் திருத்தத்தில் அதை யுஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 16+ என்றால், அந்த வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை பார்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது பெற்றோர். தியேட்டர் வாசலில் யாரும் தடுக்கப் போவதில்லை. பதினேழு வயது அண்ணன் அந்தப் பெற்றோர் இடத்துக்கு வர முடியாது, அவனே படத்தில் மூழ்கிக் கிடப்பான்.

‘ஏ’ கதை வேறு. அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் 18 நிரம்பாதவரை உள்ளே விடக் கூடாது. நம் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே வாரத்தில் ஓடுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சான்றிதழ் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போய்ப் பார்த்தாலும் அது மாறாது. டப்பிங் பதிப்புக்கு மட்டும் தனிச் சான்றிதழ் உண்டு, அதைத் தனியாகப் பாருங்கள்.

ஆனால் வயது முத்திரை பாதி வேலைதான் செய்யும். எவ்வளவு ரத்தம் என்பதைவிட, அந்த வெட்டுக்குப் பிறகு படம் என்ன செய்கிறது என்பதை நான் பார்ப்பேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1960-களில் சிறு குழந்தைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். அதில் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிக்கிறார். அடித்தவர் தண்டனை வாங்குவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்து காட்டின. பிறகு ‘செய்து காட்டினால் பரிசு’ என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்தார்கள். அதாவது எல்லாரும் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், செய்வதா வேண்டாமா என்பதில்தான் வித்தியாசம். அவர்கள் மழலைகள், உங்கள் மகனை அதே படியால் அளக்க முடியாது. ஒரு படம் பார்த்து எவனும் கொலைகாரனாகிவிடுவதும் இல்லை. ஆனாலும் வெட்டியவனுக்குப் படத்தில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி உங்கள் மகன் வயதுக்கும் பொருந்தும்.

என்னிடம் பேச வந்த ஒரு பையன், வீட்டில் வெட்டுக்கத்தியால் கருக்கு (இளநீர்) சீவும்போது இடது பெருவிரலில் வெட்டிக்கொண்டவன். நாலு தையல். ‘சினிமால ஏழு வெட்டு வாங்குனவன் எந்திரிச்சு ஓடுகான் சார், எனக்கு ஒரு விரலுக்கே தலை சுத்திச்சு’ என்று சிரித்தான். அந்தப் பையனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. திரைக்கும் அடுக்களைக்கும் உள்ள தூரம் அவனுக்குத் தெரியும்.

படம் பார்த்தவர்களிடம் ‘வயலன்ஸ் இருக்கா’ என்று கேட்காதீர்கள், ‘ஆமா’ என்பதற்கு மேல் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: பெண்களையோ குழந்தைகளையோ சித்திரவதை செய்யும் காட்சி உண்டா? வலியில் துடிப்பதை கேமரா நின்று காட்டுகிறதா? தியேட்டரில் எந்த இடத்தில் விசில் பறந்தது? கழுத்து அறுபடும் இடத்தில் பறந்தது என்றால், நானாக இருந்தால் 15 வயதுக்கும் வேண்டாம் என்பேன். இங்கிலாந்திலும் வெளியாகும் தமிழ்ப் படம் என்றால் அந்த நாட்டுத் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் தளத்தில் பாருங்கள், என்ன வகை வன்முறை என்று சில வரிகளில் இருக்கும். ஐஎம்டிபி என்ற சினிமா தகவல் தளத்தில் பெற்றோருக்கான பகுதியும் உண்டு. அது பார்வையாளர்கள் எழுதுவது, கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

மகனைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். ராத்திரி பயந்து எழுகிறவனா? சமீபத்தில் வீட்டில் ஒரு விபத்தோ மரணமோ நடந்ததா? பள்ளியில் அடி வாங்குகிறானா, கொடுக்கிறானா? ஒன்றுக்கு ‘ஆமா’ என்றாலும் தள்ளிப்போடுங்கள். சில பிள்ளைகளுக்குக் காட்சியைவிடத் தியேட்டர் சத்தம்தான் தாங்காது.

போவதென்றால் மதியக் காட்சி. செகண்ட் ஷோ முடிந்து நேரே படுக்கைக்குப் போகும் பிள்ளைக்குப் பேச நேரம் கிடைக்காது. திரும்பும் வழியில் ஒரு சாயாக் கடையில் உட்காருங்கள், அறிவுரையைத் தொடங்கிவிடாதீர்கள். ‘அந்த வில்லனோட தம்பி என்ன தப்பு பண்ணினான், அவனை ஏன் கொன்னாங்க மக்கா?’ என்பது போல ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் யோசித்தால் சரி. ‘சும்மா படம்தானேம்மா’ என்றாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய் அவனே திரும்ப எடுப்பான்.

மகள் ‘ஓடிடியில வரும்போது பாக்கேன்’ என்பாள். அங்கே வயதுக் குறியீட்டைப் போடுவது தணிக்கை வாரியம் அல்ல, அந்தத் தளமே. யுஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. பின் நம்பர் போட்டுக்கொள்ளுங்கள், மகன் பிறந்த வருஷம் வேண்டாம். தடை சொன்ன அதே நாளில் அவளை அவளுக்குப் பிடித்த வேறு படத்துக்கு அழைத்துப் போங்கள். அண்ணன் சாயாக் கடையில் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால், அந்தக் கோபம் தீர ஒரு வாரம் ஆகும்.