கடைசிச் சுற்றில் கண் எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மகள் மாவட்டப் போட்டிகளில் 1500 மீட்டர் ஓடுகிறாள். முதல் 1100 மீட்டர் அருமையாக வருகிறாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும், "முடிவுக்கோடு எங்கேயோ இருக்கிற மாதிரி தெரியுதும்மா" என்கிறாள். ஆர்வம் குறைந்துவிட்டதா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ஆர்வக்குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவளுக்கு அப்படித்தான் தெரிகிறது. முதுகில் கனமான பை மாட்டியவர்களும் ஓடிக் களைத்தவர்களும் மேட்டைக் கூடுதல் செங்குத்தாகக் கணிப்பதாக 1999இல் உளவியலாளர்கள் பல்லா, புரோஃபிட் இருவரும் எழுதினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் பை எதற்கு என்று ஊகித்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார்கள் என மறுப்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் மகளுக்கு இதைவிடப் பயன்படுவது 2014இல் கோல், ரிச்சியோ, பால்செட்டிஸ் செய்த சோதனை. உடல் எடையில் 15 சதவீதப் பளுவைக் கணுக்காலில் கட்டி, சுமார் 6 மீட்டர் தள்ளியிருந்த கூம்பு வரை நடக்கச் சொன்னார்கள். கூம்பை மட்டுமே பார்த்தவர்களுக்கு அது கிட்டே தெரிந்தது. இயல்பாகச் சுற்றிலும் பார்த்து நடந்தவர்களைவிட 23 சதவீதம் வேகமாக நடந்தார்கள், சிரமமும் குறைவு என்றார்கள்.

வேண்டும் என்ற துடிப்பு கண்ணைக் குவிக்கிறது. குவிந்த கண்ணுக்குத் தூரம் சுருங்குகிறது. 'எட்டிவிடலாம்' என்று பட்டதும் துடிப்பு கூடுகிறது. துடிப்பை வரச் சொல்லி யாரும் உத்தரவு போட முடியாது, கண்ணுக்குப் போடலாம். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

வாரம் ஒருநாள், முக்கியப் பயிற்சி முடிந்து கால் கனக்கும் நேரத்தில், 300 மீட்டர் மூன்று முறை, இடையில் 3 நிமிட ஓய்வு. முன்னால் 30, 40 மீட்டரில் ஒன்றைக் கண்ணால் பிடிக்க வேண்டும்: ஒரு கூம்பு, வளைவில் ஒரு கம்பம், முன்னால் ஓடுபவளின் முதுகு எண். அதை எட்டுமுன்பே அடுத்ததற்குக் கண் தாவ வேண்டும். நேர்ப்பாதைக்கு வந்தபின் கோடு மட்டும்தான். தரையையோ கைக்கடிகாரத்தையோ பார்த்தால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முறைத்துப் பார்க்கிறேன் என்று தாடையை இறுக்கி, கழுத்தை நீட்டினால் தோள் ஏறிக் கைவீச்சு குறுகிவிடும். பார்வை குவியட்டும், முகம் தளர்வாக இருக்கட்டும்.

பந்தயத்தின் முதல் சுற்றிலேயே இதைச் செய்ய விடாதீர்கள். கூட்டமாக ஓடும்போது ஒரே முதுகைப் பார்த்தால் பக்கத்துக் கால் தட்டும், வேகமும் கைமீறும்.

கேள்வி: எங்கள் கபடி அணியில் நல்ல ரைடர் (பாடிப் போகிறவன்) ஒருவன். 'டூ ஆர் டை' ரைடு (புள்ளி எடுக்காவிட்டால் அவுட்) என்றால் மட்டும் கார்னரை, அதாவது ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை, கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறான். ஏன்?
– கபடிப் பயிற்சியாளர், தஞ்சாவூர்

பதில்: இது அதே குவிப்பின் மறுபக்கம். உந்துதல் ஏற ஏற கவன வட்டம் சுருங்கும் என்று உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959இலேயே விளக்கினார். முதலில் உதிர்வது தேவையற்றவை. அதனால் ஆட்டம் கூர்மையாகும். மேலும் ஏறினால் தேவையானவையும் உதிரும். உங்கள் பையனுக்கு உதிர்வது ஓரத்தில் நிற்கும் கார்னர்.

பாடிப் போனதும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நடுவில் நிற்பவரின் இடுப்பு மட்டத்தில் பார்வையை வைத்தால் இரண்டு கார்னரின் அசைவும் ஓரக்கண்ணில் கிடைக்கும். தொடப் பாயும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் குவிக்கட்டும். பயிற்சியில் இரு கார்னர்களும் திடீரென விரல்களைக் காட்ட வேண்டும். தலையைத் திருப்பாமல், பாட்டு நின்றதும் இரண்டு எண்ணையும் அவன் சொல்ல வேண்டும். 30 வினாடிக்கு ஒன்றாகப் பத்து முறை. முதல் வாரம் இடது, வலது என்று எந்தப் பக்கம் அதிகம் தவறுகிறது என்று குறித்துவையுங்கள். அவன் பிடிபடும் பக்கமும் அதுதானா என்று பாருங்கள்.