உணவை வைத்துச் சொல்லும் உவமைகளில் உங்கள் மனதில் நின்றது எது?

எனக்கு ‘புளியம்பழமும் ஓடும் போல’ என்பதுதான். எங்கள் கொங்குப் பேச்சில் ‘ஓடுமாட்டம்’ என்போம். பெரும்பாலும் இதைக் குறையாகத்தான் சொல்கிறார்கள்: ஒரே வீட்டில் இருந்தும் ஒட்டாமல் இருக்கிறார்கள் என்று. நான் அப்படிக் கற்றுக்கொள்ளவில்லை.

தாராபுரம் பக்கம் எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர். மாசி, பங்குனியில் தோட்டத்துப் புளியை உலுக்கிக் களத்தில் காயப்போடுவார்கள். ஓடு உடைப்பது பிள்ளைகள் வேலை. பச்சைக் காயில் தோலும் சதையும் ஒன்றாகவே இருக்கும், நகத்தால் சுரண்டினால்கூடத் தனியே வராது. செங்காய் கொஞ்சம் பரவாயில்லை. நன்றாகப் பழுத்ததோ, விரலால் அழுத்தினாலே ஓடு நொறுங்கிவிடும். பழுக்கப் பழுக்க ஈரம் வற்றிச் சதை சுருங்குவதால் ஓட்டுக்கும் பழத்துக்கும் நடுவே இடம் விழுந்துவிடுகிறது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே அசைவது கேட்கும். அப்போதும் பழம் ஓட்டுக்குள்ளேதான் இருக்கிறது, காம்பிலிருந்து இறங்கும் நார் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வயதான பிறகு தோட்டத்து வரவு செலவு முழுவதையும் மாமாவிடம் விட்டுவிட்டார். கேட்டால் யோசனை சொல்வார், கேட்காவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அப்புச்சியைப் பற்றி அம்மிச்சியிடம், “ஏனுங்கத்தை, மாமா இப்பெல்லாம் புளியம்பழமும் ஓடுமாட்டம் இருக்கறாங்களே?” என்று வருத்தமாகக் கேட்டார். அம்மிச்சி கை வேலையை நிறுத்தாமல், “செங்காயா இருந்தா ஒட்டீட்டுத்தான் இருக்கும் கண்ணு. அவரு பழுத்துட்டாரு” என்றார். அந்த உவமையின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

இதற்கு நேர் எதிராக எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. சேர்ந்தே திரிகிறவர்களைப் பார்த்தால் அம்மா ‘அரிசியும் பருப்புமாட்டம்’ என்பார். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் ஒரே பானையில் வேகும் எங்கள் ஊர்ச் சோறு அது. பொங்கல்போலக் குழையக் கூடாது. பருப்பு பருப்பாகத் தெரிய வேண்டும், ஆனால் வாயில் வைத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. நல்ல தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை.

‘வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல’ என்பதும் பிடிக்கும். ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கி வளர்ந்தவர்களுக்கு அந்த இழப்பு வயிற்றிலேயே தெரியும். உடைந்தால் மோர் போனால் போகட்டும், அவ்வளவு நேரம் கடைந்த கை வலி போகாது.

நகரத்தில் வளர்ந்தவர் என்றால் ஒன்று செய்யுங்கள். பங்குனியில் இந்தப் பக்கம் வந்தால் ஒரு செங்காயும் ஒரு பழுத்த புளியும் கேட்டு வாங்கி, இரண்டையும் கையால் உரித்துப் பாருங்கள்.