ஆக்ஸ்ஃபோர்டு ஐசிஸ் ஃபார்ம்ஹவுஸ்: டாக்ஸி ஏன் எதிர்க்கரையில் நிற்கிறது?

ஐசிஸ் ஃபார்ம்ஹவுஸ் பப்புக்கு டாக்ஸியில் போனால் எதிர்க்கரையில் இறக்கிவிடுகிறது, அப்பாவுடன் எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த பப்புக்குக் கார் பாதையே கிடையாது. நடந்தோ, சைக்கிளிலோ, படகிலோதான் போக முடியும். அப்பாவுடன் போவதால் டானிங்டன் பாலத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். மேற்குக் கரைக்கு வந்து, ஆறு இடக்கைப் பக்கம் இருக்கும்படி தெற்கே நடங்கள். பத்து நிமிடம் போல ஆகும்.

டாக்ஸி உங்களை இஃப்லி கிராமத்தில் இறக்கியதற்குக் காரணம், அதுதான் அருகில் உள்ள சாலை என்று வரைபடம் காட்டியிருக்கும். ஆனால் அது கிழக்குக் கரை. டிரைவரைக் குறை சொல்ல முடியாது.

கிளம்பும் முன் வரைபடத்தில் 'நடை' என்று மாற்றிப் பாருங்கள். வழி மேற்குக் கரையை ஒட்டி வந்தால் சரி.

மறுபடியும் இஃப்லியில் இறங்க நேர்ந்தாலும் பாதகமில்லை. படகுகள் கடக்கும் இஃப்லி மதகை (lock) நடந்து தாண்டி அக்கரைக்குப் போய் வடக்கே திரும்பினால் பப் வந்துவிடும். கடக்கும் முன் இஃப்லியில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். வாசல் வளைவில் வரிசையாகச் செதுக்கிய, பறவை போல அலகு நீண்ட தலைகளுக்காகவே போகலாம். மதகருகே வழி குறுகல், அப்பாவைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

கோடையிலும் பப் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் போனில் கேளுங்கள். பெருமழைக்குப் பின் கரைப்பாதை சேறாகிவிடும். பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டால் ஒதுங்கி நில்லுங்கள்.